மடிக்கணினி கிராபிக்ஸ் கார்டின் வி-பயாஸைத் திருத்தலாமா? சூடும் மின்சாரமும் பற்றிய கேள்வி பதில்

கிராபிக்ஸ் சிப் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம், எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற அட்டவணைகள் வி-பயாஸ் என்னும் சிறு நிரலில் எழுதப்பட்டிருக்கின்றன. அதைத் திருத்திச் சூட்டைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் ஜிடிஎக்ஸ் 970எம் உள்ள மடிக்கணினி இருக்கிறது. விளையாடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் 90 டிகிரியைத் தாண்டுகிறது. வி-பயாஸில் மின்வரம்பைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: குறையும், ஆனால் அதற்கு முன் கீழ்மூடியைக் கழற்றிப் பாருங்கள். 2014 இறுதியில் வந்த கார்டு இது. இத்தனை ஆண்டுகளில், சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்னும் உலோகத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் இடையில், வெளியிலிருந்து ஊதினாலும் போகாத தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். அதை நீக்கிப் புதுப் பேஸ்ட் இட்ட பிறகும் சூடு அடங்காவிட்டால்தான் வி-பயாஸுக்கு வர வேண்டும்.

உங்கள் கார்டு என்விடியாவின் மேக்ஸ்வெல் என்னும் சிப் தலைமுறை என்பது நல்வாய்ப்பு. திருத்திய வி-பயாஸை எளிதில் ஏற்றுக்கொள்ளும் கடைசித் தலைமுறை அதுதான். முதலில், வி-பயாஸைப் படிக்கவும் எழுதவும் உதவும் என்விஃப்ளாஷ் மென்பொருள் மூலம் இருப்பதை அப்படியே சேமித்து, வேறொரு பென்டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். பிறகு மேக்ஸ்வெல் டூ பயாஸ் ட்வீக்கர் என்னும் திருத்தும் மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால், பவர் டேபிள் பக்கத்தில் மதிப்புகள் மில்லிவாட்டில் தெரியும். 80000 என்று இருந்தால் 80 வாட் என்று பொருள். இயல்பு மதிப்பையும் அதிகபட்ச மதிப்பையும் பத்து சதவீதம் குறைத்து, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ஒரே நாளில் நான்கு அட்டவணைகளைத் தொட்டவர்கள், கோளாறு எதனால் வந்தது என்று தெரியாமல் தொடக்கத்துக்கே திரும்புகிறார்கள். கோப்பின் பைட்டுகளை நேரடியாக மாற்றும் ஹெக்ஸ் எடிட்டரில் கையால் திருத்தினால், கோப்பு பிழையின்றி இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம்மையும் நீங்களே சரிசெய்ய வேண்டும். ட்வீக்கர் சேமிக்கும்போது அதைத் தானே செய்துவிடும்.

கேள்வி: மின்வரம்பைக் குறைப்பது நல்லதா, வோல்டேஜைக் குறைப்பது நல்லதா?

பதில்: வோல்டேஜ் என்பதே என் கருத்து. சிப் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தை மாற்றாமல் 1.0 வோல்ட்டை 0.9 ஆக்கினால் அந்தச் செலவு 0.81 மடங்காகிறது, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சூடு வேகத்தை இழக்காமலே குறைகிறது. மின்வரம்பை மட்டும் குறைத்தால், வரம்பைத் தொடும்போதெல்லாம் கார்டு வேகத்தை வெட்டிவிடும். ஆனால் ஒவ்வொரு சிப்புக்கும் தாங்கும் அளவு வேறு என்பதால், ஒருவருக்குச் சரியான எண் இன்னொருவருக்குத் திரை உறைவதில் முடியலாம்.

கேள்வி: என்னுடையது ஆர்டிஎக்ஸ் 3060. ட்வீக்கர் எதுவும் திறக்கவில்லையே?

பதில்: திறக்காது. 2016இல் வந்த பாஸ்கல் தலைமுறையிலிருந்து வி-பயாஸுக்கு டிஜிட்டல் கையொப்பம் உண்டு. ஒரு பைட் மாறினாலும் உங்கள் கார்டு அதை ஏற்காது. வேறு மாடல் மடிக்கணினியின் அசல் வி-பயாஸை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். இதே 3060 சிப் 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை பல அளவுகளில் விற்கப்பட்டதால் வரும் ஆசை அது. ஆனால் ஃபேன் கட்டுப்பாடும் திரை இணைப்பும் மாடலுக்கு மாடல் மாறுவதால், சூட்டைக் குறைக்க வந்தவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

உங்களுக்கு, விண்டோஸில் ஓடியபடியே கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளே போதும். கண்ட்ரோல் விசையுடன் எஃப் அழுத்தினால் எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று காட்டும் வோல்டேஜ் வளைவு திறக்கும். 800 மில்லிவோல்ட் புள்ளியை 1700 மெகாஹெர்ட்ஸ் அளவில் வைத்து, அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அந்த உயரத்துக்கு மேல் போகாதபடி தட்டையாக்குங்கள். ஒரு மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டி, தடுமாறினால் 25 மில்லிவோல்ட் கூட்டுங்கள்.

கேள்வி: என்விஃப்ளாஷ், ஈப்ராம் எதையும் காணவில்லை என்கிறது. கார்டு பழுதா?

பதில்: இல்லை. மதர்போர்டிலேயே பற்றவைத்த பல கார்டுகளுக்கு ஈப்ராம், அதாவது வி-பயாஸைச் சேமிக்கும் தனி நினைவகச் சிப், கிடையாது. அவற்றின் வி-பயாஸ் மடிக்கணினியின் பயாஸுக்குள்ளேயே பொதிந்திருக்கும். அதைத் தொடுவது முழு இயந்திரத்தையும் பணயம் வைப்பது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: வி-பயாஸை ஃப்ளாஷ் செய்யும்போது, அதாவது கார்டில் எழுதும்போது, மின்சாரம் போய்விட்டது. இப்போது கார்டையே காணவில்லை. என்ன வழி?

பதில்: திரை பிராசசரின் உள் கிராபிக்ஸில் ஓடுகிறது என்றால் விண்டோஸ் வரும், சேமித்த கோப்பை மறுபடி ஃப்ளாஷ் செய்து பாருங்கள். என்விஃப்ளாஷும் கார்டைக் காணாவிட்டால், வி-பயாஸ் இருக்கும் எட்டுக் கால் கொண்ட ஃப்ளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ புரோகிராமர் என்னும் சிப்பில் எழுதும் சிறு கருவியால் நேரடியாக எழுத வேண்டும். அதற்குமுன் பூதக்கண்ணாடி வைத்துச் சிப்பின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். வின்பாண்ட் 25க்யூ80 வரிசையில் டிவி (DV) என்று முடிந்தால் 3.3 வோல்ட் சிப். ஈடபிள்யூ (EW) என்று முடிந்தால் 1.8 வோல்ட். பின்னதற்கு 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் இணைத்தால், மீட்க வந்த சிப்பே எரிந்துபோகலாம். அடுத்த முறை பேட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் மாட்டியிருக்கச் செய்யுங்கள்.

கேள்வி: லினக்ஸில் ஆஃப்டர்பர்னர் இல்லையே. என் ஆர்டிஎக்ஸ் கார்டுக்கு என்ன செய்வது?

பதில்: என்விடியா டிரைவருடன் வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில், கிளாக்கை, அதாவது சிப்பின் வேகத்தை, பூட்டும் எல்ஜிசி (-lgc) என்ற தெரிவு உண்டு. உச்ச வேகத்தை ஓரளவு குறைத்துப் பூட்டினால், வளைவின் உச்சியில் உள்ள உயர் வோல்டேஜ் புள்ளிகளைக் கார்டு தொடாது, சூடும் இறங்கும். மறுதொடக்கத்தில் அந்தப் பூட்டு நீங்கிவிடும் என்பதால், கணினி எழும்போதே ஓடும்படி ஒரு சிஸ்டம்டி சேவையாக (லினக்ஸ் தானே தொடங்கும் பின்னணி நிரலாக) எழுதி வையுங்கள்.