கானா விடுதலைக்கு முன் அந்நாட்டுப் பத்திரிகைகள் ஒரே குரலில் பேசினவா?

இல்லை. ஆங்கிலேயர் போக வேண்டும் என்பதில் பெரிய தகராறு இருக்கவில்லை. எப்போது, எந்த அமைப்பில் என்பதில்தான் மோதல். விடுதலை இயக்கத் தலைவர் நிக்ருமா 1948-ல் தொடங்கிய 'அக்ரா ஈவினிங் நியூஸ்' உடனடி சுயாட்சி கேட்டது. அஷாந்தி பகுதியின் குமாசி நகரிலிருந்து வந்த 'அஷாந்தி பயனியர்' பின்னாளில் அவருடைய கட்சிக்கு எதிரணியில் நின்றது.

இந்தப் பிளவைப் புரிந்துகொள்ள கோகோ விலையைப் பார்க்க வேண்டும். கோல்ட் கோஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட கானாவின் முக்கிய ஏற்றுமதி அதுதான். அதை வாங்குவது அரசுக் கொள்முதல் வாரியத்தின் கையில் இருந்தது. 1954-ல் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தபோது, ஆங்கிலேயரின் கீழ் உள்நாட்டு ஆட்சி நடத்திய நிக்ருமா அரசு, விவசாயிக்குத் தரும் விலையை 60 பவுண்டு எடைச் சுமைக்கு 72 ஷில்லிங் என்று நான்கு ஆண்டுகளுக்கு நிர்ணயித்தது. மிச்சப் பணம் நாட்டு வளர்ச்சிக்கு என்றது. கோகோ விளைந்த அஷாந்தி கொதித்தது. அங்கே பிறந்த தேசிய விடுதலை இயக்கம் கூடுதல் விலையோடு கூட்டாட்சி அமைப்பையும் கேட்டது. பயனியர் அதற்கு ஆதரவாக எழுதியது.

விவசாயியின் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அவன் உழைப்பில் வந்த பணத்தை அவனைக் கேட்காமலே ஒதுக்கினார்கள். 1956 தேர்தலில் நிக்ருமா வென்றார். 1957 மார்ச் 6-ல் விடுதலை வந்தது. பயனியரோ 1960-ல் தணிக்கைக்கு உள்ளாகி, 1962-ல் மூடப்பட்டது.