எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தும் புற்றுநோய் ஏன் வளர்கிறது?

உங்கள் வீட்டில் யாருக்கோ நோய் உறுதியாகி, எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் வந்தது என்று யாரோ சொல்லக் கேட்டபின் இக்கேள்வியை எழுப்பியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். என் அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்தபோது, பார்க்க வந்த அத்தை, "அண்ணி வேளாவேளைக்குச் சாப்பிட்டிருந்தால் இது வந்திருக்குமா?" என்று அவர் முன்னிலையிலேயே கேட்டார். அன்றிரவு அம்மா என்னிடம், "நானாகத்தான் வரவழைத்துக்கொண்டேனா?" என்றார். நோயெதிர்ப்பியல் படித்தவளாயிருந்தும் எனக்குப் பேச்சு வரவில்லை.

நம் எதிர்ப்புச் செல்கள் நம் சொந்தத் திசுக்களையே தாக்கிவிடாதபடி அடக்கி வைப்பதற்கென்று, எதிர்ப்புச் செல்களிலேயே ஒரு வகையான டி செல்களில் ஒரு பிரிவு உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் எனப்படும் இவற்றை 1995இல் அடையாளம் காட்டிய ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சியும், இவற்றுக்கு அடிப்படையான ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001இல் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரும் 2025இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அம்மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளின் குடலையும் கணையத்தையும் அவர்களுடைய எதிர்ப்புச் செல்களே சிதைக்கின்றன என்பதால், இவை இல்லாமல் நாம் வாழ முடியாது.

இந்தக் காவலைத்தான் புற்றுநோய்க் கட்டி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. சினைப்பைப் புற்றுநோயாளிகள் 104 பேரிடம் செய்யப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், புற்றுச் செல்களும் அவற்றைச் சூழ்ந்த விழுங்கு செல்களும் சிசிஎல்22 என்ற புரதத்தைச் சுரந்து ஒழுங்குபடுத்தும் டி செல்களைக் கட்டிக்குள் வரவழைப்பதும், இவை மிகுந்திருந்தவர்களின் ஆயுள் குறைந்திருந்ததும் தெரியவந்தன. உள்ளே வந்தவை, கொல்லும் டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தைத் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. கொல்லும் செல்களைத் தூண்டிவிடும் சமிக்ஞைகளையும் மறித்துவிடுகின்றன. நன்றாக உண்டு உறங்கி வாழ்ந்தவர் உடலிலும் இது நிகழும்.

சத்துணவு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கீமோ சிகிச்சையைத் தாங்க அது அவசியம். உறுப்பு மாற்றம் செய்துகொண்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்குச் சில புற்றுநோய்கள் கூடுதலாக வருவதையும் அறிவேன். பெருங்குடல் புற்றுநோயில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மிகுந்திருந்தவர்கள் நீண்ட காலம் வாழ்ந்ததாகச் சில ஆய்வுகள் காட்டியிருப்பதால், எல்லாப் புற்றுநோய்க்கும் இதே விளக்கம் பொருந்தும் என்றும் கூறவில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று சொல்லி நோயாளியின் கையில் மாவு டப்பாக்களைத் திணிப்பவர்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. இந்த அடக்குமுறையைத் தளர்த்தவென்று உருவாக்கப்பட்ட இபிலிமுமாப் போன்ற மருந்துகளே சிலருக்குக் கடுமையான குடல் அழற்சியைத் தருகின்றன என்பதால், அவற்றை மருத்துவர்கள் மிகுந்த கண்காணிப்புடன்தான் செலுத்துகிறார்கள்.

இரண்டாவது கீமோவுக்குக் காத்திருந்தபோது, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நான் சாப்பிடாமல் இருந்ததால் இல்லை, அப்படித்தானே?" என்று மீண்டும் ஒருமுறை உறுதிசெய்துகொண்டார்.