சிம்லா சாலை திறந்துவிட்டது என்றால் காரில் போகலாமா?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். குடியரசு தின விடுமுறையை ஒட்டி சிம்லாவுக்கும் நார்க்கண்டாவுக்கும் எங்கள் காரிலேயே போய்வர ஆசை. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, முன்சக்கர இழுவை. நானும் கணவரும், இரண்டு பிள்ளைகளும், தஞ்சாவூரிலிருந்து வரும் மாமனார் மாமியாரும் போகிறோம். பனி கொட்டினாலும் மறுநாளே ஜேசிபி வைத்துச் சாலையைத் திறந்துவிடுகிறார்கள் என்று செய்தியில் பார்க்கிறோம். டொராண்டோவில் இருக்கும் என் அக்கா, உப்பு தூவிவிட்டால் பயமே இல்லை என்கிறாள். அங்கே உப்பு தூவுவார்களா? டயருக்குச் சங்கிலி வாங்க வேண்டுமா?

பதில்: போகலாம். ஆனால் சாலை திறந்துவிட்டது என்ற செய்தியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். வண்டி நுழையும் அளவுக்குப் பனியை ஒதுக்கியாயிற்று என்பதுதான் அந்தச் செய்தி. டயருக்குப் பிடிப்பு கிடைக்குமா என்பது வேறு விஷயம். மலைச் சாலைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பனி கொட்டும் நாளைவிட, கொட்டி ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு வரும் இரண்டு மூன்று நாள்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இமாச்சலத்துக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்திய தரைக்கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வு. அதற்கு மேற்கத்திய இடையூறு என்று பெயர். அது ஓரிரு நாள் மழையும் பனியுமாகக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடும். மேகம் மூடியிருக்கும் இரவில் தரையின் வெப்பம் அவ்வளவாக வெளியேறாது. மேகம் கலைந்து நட்சத்திரம் தெரியும் இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து உறைநிலைக்குக் கீழே போய்விடும். பகலில் நல்ல வெயில், இரவில் கடும் குளிர் என்று இப்படித் தொடங்கும் நாள்களில்தான் தில்லியிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் எல்லோரும் பனி பார்க்கக் கிளம்புகிறார்கள்.

அந்த நாள்களில் சாலையில் நடப்பதைப் பாருங்கள். ஜேசிபியும் டோசரும் பனியைத் தள்ளும்போது தார் பெயர்ந்துவிடக் கூடாது என்று பிளேடைச் சற்றுத் தூக்கித்தான் வைப்பார்கள். அதனால் மெல்லிய ஒரு படலம் அடியில் தங்கிவிடும். தள்ளிய பனி சாலையின் இரு ஓரத்திலும் மதில் மாதிரி நிற்கும். காலை பதினொரு மணி வெயிலில் மலைப் பக்கத்து மதில் உருகத் தொடங்கும். அந்தத் தண்ணீர் ஓரத்து வடிகாலில் இறங்க வேண்டும். ஆனால் வடிகாலே பனியால் அடைத்துக் கிடக்கிறது. அதனால் சாலையின் குறுக்கே வழிந்து பள்ளத்தாக்குப் பக்கம் போகும். நாலரை மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனதும் அந்த ஈரம் உறைய ஆரம்பிக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அது கண்ணாடிபோல் தெளிவான ஐஸ். அடியிலுள்ள தார் அப்படியே கறுப்பாகத் தெரிவதால், ஓட்டுபவருக்குச் சாலை வெறுமனே நனைந்திருப்பதுபோல் இருக்கும். பிளாக் ஐஸ் என்று சொல்வது இதைத்தான். பாலங்களின் மேல் இது முதலில் பிடிக்கும், ஏனென்றால் அங்கே குளிர்காற்று மேலும் கீழும் படுகிறது. சிம்லாவிலிருந்து நார்க்கண்டா போகும் வழியில் தல்லி தாண்டி குஃப்ரி வரை தேவதாரு நிழல் விழும் வளைவுகளில் பகலில்கூட உருகாமல் கிடக்கும்.

உங்கள் அக்கா சொல்வது டொராண்டோவுக்குச் சரி. குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைக் கொட்டுவது எதற்காகவோ, அதே தத்துவம்தான். உப்பு கரைந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது. சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே இருக்கும். ஆனால் சாலையில் அது உருப்படியாக வேலை செய்வது மைனஸ் 9, 10 வரைதான். அதற்கும் கீழே கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்றவை வேண்டும். அனுபவமுள்ள நகரங்கள் பனி விழுந்த பிறகு உப்புக்கு ஓடுவதில்லை. முன்னறிவிப்பு வந்ததுமே உப்புக் கரைசலைச் சாலையில் தெளித்துவிடுவார்கள். பனி தாரோடு ஒட்டிக்கொள்ளாது, பிளேடு வந்து தள்ளினால் சுலபமாகப் பெயர்ந்து வரும். ஒட்டிய பிறகு உருக்குவதற்குப் பல மடங்கு உப்பு தேவை.

கனடாவிலேயே மாண்ட்ரியால் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பனியை ஓரத்தில் குவித்து வைப்பதோடு அங்கே வேலை முடியாது. பார்க்கிங் தடை போட்டு, நிற்கும் கார்களை இழுத்துப்போய், ஓரத்துக் குவியலை ஊதுகுழல் இயந்திரத்தால் லாரியில் ஏற்றி, பழைய கல்குவாரிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ கொண்டு சேர்க்கிறார்கள். ஜப்பானின் நாகவோகா நகரில் 1960களின் தொடக்கத்திலிருந்தே சாலை நடுவில் குழாய் பதித்து, இளஞ்சூடான நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். டொராண்டோ, மாண்ட்ரியால், நாகவோகா மூன்று ஊர்களிலும் அடிப்படை நோக்கம் ஒன்றுதான்: உருகிய நீர் சாலையிலேயே மறுபடி உறைய விடக் கூடாது.

சிம்லாவில் இதெல்லாம் கிடைக்காது. அதற்காக மாநகராட்சியையும் பொதுப்பணித் துறையையும் நான் குறைசொல்ல மாட்டேன். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாக இருக்கும் ஊரில் லாரியில் பனியை அள்ளிப்போய்க் கொட்ட இடமேது? உப்பைக் கணக்கில்லாமல் தூவினால் அது உருகும் நீரோடு கீழேயுள்ள ஓடைகளுக்கு இறங்கும். கிரி ஆறு போன்ற அந்தக் கீழ்மட்ட நீரிலிருந்துதான் சிம்லாவுக்கே குடிநீர் மேலேற்றப்படுகிறது. பாலத்துக் கம்பியும் தடுப்புச் சுவரின் கம்பியும் உப்பில் அரித்துப்போகும். எனவே அங்கே முக்கிய ஆயுதம் மணல். மணல் எதையும் உருக்காது, டயருக்குச் சொரசொரப்பைத் தரும், அவ்வளவுதான். வண்டிகள் போகப்போக அது ஓரத்துக்குப் போய்விடும், இரவில் புதிதாக உறைந்த ஐஸுக்கு அடியில் புதைந்தும் போகும். காலையில் மறுபடி தூவ வேண்டும். ஆகவே உப்பு போட்டிருப்பார்கள் என்று எண்ணி வண்டியை எடுக்காதீர்கள்.

தங்குமிடம் விஷயத்திலும் கவனம் வேண்டும். எந்த மலை ஊரிலும் முதலில் திறப்பது தேசிய நெடுஞ்சாலையும் மருத்துவமனைக்குப் போகும் வழியும் பஸ் போகும் பாதையும்தான். கிளைச் சாலைகளின் முறை வர ஓரிரு நாள் ஆகலாம். பள்ளத்தாக்குக் காட்சி அற்புதமாக இருக்கிறது என்று ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவே, செங்குத்தான சிமென்ட் பாதையில் இரண்டு கிலோமீட்டர் இறங்கிப் போகும் ஹோம்ஸ்டேயைப் பதிவு செய்தீர்களானால், ஜேசிபி கடைசியாக வரும் இடத்தைப் பதிவு செய்திருக்கிறீர்கள். பிரதான சாலை மேலேயே இருக்கும் சாதாரண விடுதி போதும். வண்டியை எங்கே நிறுத்துவது, சரிவா சமதளமா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சங்கிலி. வாங்குங்கள், ஆனால் சங்கிலி இருக்கிறது என்ற தைரியத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முன்சக்கர இழுவை வண்டிக்கு முன் டயர்களில்தான் மாட்ட வேண்டும். ஏற்றத்தில் அது நன்றாக இழுக்கும். இறக்கத்தில் பின்பக்கம் பிடிப்பில்லாமல் வழுக்கி வண்டி திரும்பிவிடக்கூடும் என்பதைப் பலரும் சொல்வதில்லை. அதனால் நான்கு சக்கரத்துக்கும் கிடைத்தால் நல்லது. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வெறும் தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். முக்கியமாக, உங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கையுறை போட்டுக்கொண்டு கணவரை ஒரு தடவை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். குஃப்ரி ஓரத்தில் விரல் மரத்துப்போன நிலையில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ள முடியாது. நம் ஊரில் விற்கும் சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். டயர் புதிதாக இருந்தாலும் அந்தக் குளிரில் தில்லியில் கிடைக்கும் பிடிப்பு கிடைக்காது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து காய்ந்த சாலையில் சுமார் 10 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் 30 மீட்டர் ஆகும். ஐஸில் 60 மீட்டரைத் தாண்டும், அதுவும் சமதளத்தில். இறக்கத்தில் அது இரட்டிப்பாவது சர்வசாதாரணம். வேகத்தைப் பாதியாக்கினால் இந்தத் தூரம் கால்வாசியாகிவிடும். ஆகவே நிழலான வளைவுகளில் 20க்கு மேல் வேண்டாம். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் பெடல் காலுக்குக் கீழே அதிர்ந்தால் பயந்து காலை எடுக்க வேண்டாம், அழுத்தியே பிடியுங்கள்.

டீசல் வண்டி என்பதால் இன்னொன்று. தில்லியில் நிரப்பிய டீசல் கடும் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கலாம். டேங்கைப் பாதியோடு கொண்டுபோய் மேலே உள்ள பங்கில் நிரப்புங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தால் கிளம்பும் முன் கூலன்ட் மாற்றுங்கள், தண்ணீர் உறைந்து விரிந்தால் என்ஜினே வெடிப்புவிடும். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்பதால் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். காலையில் கண்ணாடியில் படிந்த ஐஸின் மேல் வெந்நீர் ஊற்றவே கூடாது, விரிசல் விட்டுவிடும்.

இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நெரிசலில் சிக்கி, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது ஹீட்டருக்காக என்ஜினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கக் கூடாது. புகைபோக்கியைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளேயே வரும். அதற்கு வாசனையே கிடையாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீயில் பனியில் சிக்கிய வண்டிகளுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள், குழந்தைகளும் உண்டு. மாட்டிக்கொண்டால் இறங்கிப் புகைபோக்கியைச் சுற்றிப் பனியை விலக்குங்கள், ஒரு கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள், மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினைப் போடுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. கம்பளி, தண்ணீர், மாமனார் மாமியாரின் மாத்திரைகள் எல்லாம் டிக்கியில் இருக்க வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சரி, பயணத்தை எப்படி அமைப்பது? மயூர் விஹாரிலிருந்து சிம்லா ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்ச் சேர விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் பானிப்பட், கர்னால் பக்கம் ஜனவரி மூடுபனியில் முன்னால் போகும் லாரி தெரியாது. அது பனிச் சாலையைவிடக் குறைந்த ஆபத்து அல்ல. மூடுபனி விலகிய பிறகு கிளம்பினால் சிம்லாவை நெருங்கும்போது சாலை உறையும் நேரம் ஆகிவிடும். எனவே முதல் நாள் பத்து மணிவாக்கில் கிளம்பி, முர்த்தலில் சாப்பிட்டு, பஞ்ச்குலாவிலோ பர்வானூவிலோ தங்குங்கள். மறுநாள் காலை சாவகாசமாக ஏறினால் மதிய வெயிலில் சிம்லா. நார்க்கண்டா சுமார் 2,700 மீட்டர், இன்னும் குளிர். அங்கே போவதா வேண்டாமா என்பதை அன்று காலை வானிலையையும் போலீஸ் அறிவிப்பையும் பார்த்து முடிவு செய்யுங்கள். போனால் பதினொன்றுக்குக் கிளம்பி மூன்று மணிக்குள் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். மேற்கத்திய இடையூறு வருகிறது என்று வானிலை மையம் சொன்னால் நார்க்கண்டாவை விட்டுவிடுங்கள், பிள்ளைகள் கேட்டாலும்.

ரிட்ஜிலும் மால் ரோட்டிலும் வண்டி விடமாட்டார்கள், நடைதான். பெரியவர்களுக்கு அங்கேதான் இடுப்பெலும்பு முறியும் ஆபத்து. நம் ஊர்த் தோல் செருப்பும் வழவழப்பான ஷூவும் கூடாது, ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் அடி உள்ள ஷூவும் இரும்பு முனைக் கைத்தடியும் வேண்டும். கார்ட் ரோட்டிலிருந்து மேலே போக லிஃப்ட் இருக்கிறது, படிகளைத் தவிருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வண்டியை மலையடிவாரத்துக் கால்காவோடு நிறுத்திவிட்டு, 1903இலிருந்து ஓடும் மலை ரயிலில் ஆறு பேரையும் ஏற்றிவிடுவேன். 96 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். சாலை ஐஸைப் பற்றிய கவலையே இல்லை, மாமனார் மாமியாருக்கும் ஜன்னலோரம் கிடைக்கும். குடியரசு தின வாரத்துக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.