செக்லிஸ்ட் முழுக்க மனப்பாடம், ஆனால் வார்டில் நோயாளி முன்னால் நின்றால் ஒன்றும் புரியவில்லை. உடல் பரிசோதனையில் ஒரு நர்சிங் மாணவி எப்படித் தேறுவது?

கேள்வி கேட்டவர் பி.எஸ்சி நர்சிங் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறார். லேபில் பொம்மையை வைத்துச் செய்யும்போது எல்லாம் சரியாக வருகிறதாம். வார்டில் ஒருவர் நெஞ்சில் ஸ்டெத் வைத்தால், கேட்பது நார்மலா இல்லையா என்றே தெரியவில்லையாம்.

நான் 14 வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இப்போது மாணவர்களை வார்டுக்கு அழைத்துப் போகும் வேலை. உங்களுக்கு அறிவு குறைவு என்று நான் நினைக்கவில்லை. நார்மல் எப்படி இருக்கும் என்று உங்கள் காதும் கையும் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். புத்தகம் கிரெப்ஸ் (நுரையீரலில் கேட்கும் பொரிவது போன்ற சத்தம்), வீஸ் (விசில் போன்ற சத்தம்), மர்மர் (இதயத்தில் கேட்கும் கூடுதல் இரைச்சல்) என்று கோளாறுச் சத்தங்களைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. நல்ல நுரையீரலின் சத்தத்தை யாரும் பத்துப் பேரிடமாவது கேட்கச் சொல்வதில்லை.

அதற்கு ஹாஸ்டலை விட நல்ல இடம் கிடையாது. இன்றைக்கே ரூம்மேட்டை உட்காரவைத்து, வாயைத் திறந்து மூச்சுவிடச் சொல்லிக் கேளுங்கள். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் வைத்தால் குழாயில் காற்று ஓடுவது போல உரக்கக் கேட்கும். முதுகின் கீழ்ப்பகுதியில் மெல்லிய சத்தம்தான் இருக்கும். இழுக்கும்போது நீளமாகவும் விடும்போது சட்டென்று தேய்ந்தும் கேட்கும். இந்த இரண்டும் காதில் தனித்தனியாகப் பதியட்டும். பிறகு ஒரு நாள் வார்டில் காய்ச்சலும் இருமலுமாக வந்தவரின் முதுகின் அடிப்பகுதியில் அந்தத் தொண்டைச் சத்தம் கேட்டால், "இது இங்கே இருக்கக் கூடாதே" என்று நீங்களே நிமிர்வீர்கள். அங்கே நுரையீரல் சளி கட்டி இறுகியிருக்கலாம். இடது, வலது என்று அதே உயரத்தில் மாற்றி மாற்றிக் கேட்பதும் இதற்காகத்தான். ஸ்டெத்தைத் தோல் மேல் வையுங்கள். சட்டைக்கு மேல் வைத்தால் துணியின் சரசரப்பும் சேர்ந்து கேட்கும். நெஞ்சில் முடி அதிகம் இருந்தால் அது உரசுவது கிரெப்ஸ் மாதிரியே கேட்கும். கொஞ்சம் தண்ணீர் தொட்டு முடியைப் படியவைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம், மூச்சு எண்ணுவது. நான் நிறைய சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது மெடிக்கல் வார்டில் ஈவ்னிங் டியூட்டி. சர்க்கரை வியாதிக்காரர், அறுபது வயதைத் தாண்டிய தாத்தா, காலில் புண்ணோடு படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை. பல்ஸ் 104. பிபி பரவாயில்லை. மூச்சுக் கட்டத்தில் 20 என்று எழுதினேன். எண்ணவில்லை. முந்தைய மூன்று தடவையும் 20 என்றுதான் இருந்தது, நானும் அதையே எழுதிவிட்டேன். நைட் டியூட்டிக்கு வந்த சிஸ்டர் ரவுண்ட்ஸில் அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தையும் அவர் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். முழுசாக ஒரு நிமிடம். பிறகு என்னிடம், "32 இருக்கு. நீ எண்ணினியாம்மா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புண்ணில் இருந்த கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. அன்று இரவே தாத்தாவை ஐசியுவுக்கு மாற்றினார்கள். பிழைத்து வார்டுக்குத் திரும்பினார். அந்த 20ஐ எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உடல்நிலை மோசமாகும்போது பல சமயம் பிபி இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். நோயாளி எவ்வளவு மோசமாகிறார் என்று எண்ணால் காட்ட, பிரிட்டனில் 2012 முதல் புழக்கத்தில் இருக்கும் நியூஸ் (NEWS) என்ற மதிப்பெண் முறையில், பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்றால் சுழியம். 25ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண், அதாவது அதிகபட்சம். அவ்வளவு எடை உள்ள எண்ணைத்தான் நாம் குத்துமதிப்பாக எழுதுகிறோம். முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். "மூச்சு எண்ணப் போகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னால் அவர்கள் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்த்து முடித்த பின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள்.

பிபியில் மாணவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் காதால் வருவதில்லை, கை வைக்கும் விதத்தில் வருகின்றன. இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு, அதற்குக் கீழே கஃப் (கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டை) கட்டுவார்கள். பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் பிபி இருப்பதை விட அதிகமாகக் காட்டும். நோயாளி காலைத் தொங்கவிட்டு, முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பார். ஐந்து நிமிடம் ஓய்வாக உட்காரவைத்து, கை இதய மட்டத்தில் இருக்கப் பாருங்கள். முதலில் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு பம்ப் செய்து, அது மறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 அல்லது 3 வீதம் இறக்குங்கள். சிலருக்குச் சத்தம் நடுவில் காணாமல் போய்த் திரும்ப வரும். நாடி பிடிக்காமல் குறைவாக ஏற்றினால் 180 இருப்பவருக்கு 150 என்று எழுதிவிடுவோம்.

தோல் நிறம் பற்றி ஒரு வருத்தம் எனக்கு உண்டு. பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். உதடு நீலம் பூப்பதும் படுக்கைப்புண் சிவப்பதும் அதில் பளிச்சென்று தெரியும். நம் ஊர்க் கறுப்பிலும் மாநிறத்திலும் அப்படித் தெரியாது. ரத்தச்சோகைக்குக் கீழ் இமையின் உள்பக்கத்தையும் நாக்கையும் பாருங்கள். ஆக்சிஜன் குறைவுக்கு உதட்டின் உள்பக்கம், நாக்கு. மஞ்சள் காமாலைக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். படுக்கைப்புண் ஆரம்பத்துக்கு இடுப்புக்குக் கீழே கையை வைத்து, சுற்றியிருக்கும் இடத்தை விடச் சூடா, கெட்டியா என்று தொட்டுப் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை முழுசாக நம்ப வேண்டாம். உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி நன்றாகக் காட்டியது வெள்ளையர்களை விடக் கறுப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2020ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. நெயில் பாலிஷ் இருந்தாலும் தப்பாகக் காட்டலாம்.

வீக்கத்தை நோயாளியின் பேச்சைக் கேட்டே கண்டுபிடிக்கலாம். ஆன்டிநேட்டல் (கர்ப்பிணிகள்) வார்டில் ஒரு அம்மா, "சிஸ்டர், மெட்டி ரெண்டு நாளா இறுகிக் கிடக்கு" என்றால் அதைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிடாதீர்கள். கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்திப் பாருங்கள். உடனே பிபி பாருங்கள். 20 வாரம் தாண்டியவருக்கு 140க்கு 90 இருந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள், தலைவலியும் கண் மங்கலும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நீர் முதுகின் அடிப்பகுதியில்தான் தேங்கும். காலை மட்டும் பார்த்துவிட்டு வீக்கம் இல்லை என்று எழுதக் கூடாது.

விரலால் தட்டி, வரும் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயைத் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு அது சீக்கிரம் வந்துவிடும். வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும்: பார்த்து, கேட்டு, தட்டி, கடைசியில்தான் அழுத்த வேண்டும். முதலில் அழுத்தினால் குடல் சத்தம் மாறிவிடும். "எங்கம்மா வலிக்குது, ஒரு விரலால காட்டுங்க" என்று கேட்டு, அந்த இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள். தொடும்போது வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். "ஒண்ணுமில்ல" என்று வாய் சொன்னாலும் புருவம் சுருங்கும். இதெல்லாம் ஸ்கிரீன் இழுத்த பிறகு, அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.

எழுதும்போது "நெஞ்சு நார்மல்" என்று எழுதாதீர்கள். "வலது பக்க முதுகின் கீழே மூச்சுச் சத்தம் குறைவு, மூச்சு 26, மாலை 6 மணி" என்று எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவர் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட வேண்டுமே. கிரெப்ஸா வீஸா என்று பெயர் தெரியாவிட்டால் கேட்டதைக் கேட்டபடி எழுதலாம், சிஸ்டரைக் கூப்பிட்டு அதே இடத்தில் கேட்கச் சொல்லலாம். நான் இன்றும் கூப்பிடுகிறேன்.

நொடி முள் உள்ள கைக்கடிகாரம் இல்லையென்றால் வார்டுக்குப் போகும் முன் ஒன்று வாங்கிவிடுங்கள். தாத்தாவுக்கு 20 எழுதிய அன்று என் கையில் கடிகாரம் இல்லை.