கமிஷனரைத் தேடுகிறவர்கள்

வணக்கம் சார்,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பேக்-12 கான்ஃபரன்ஸ் உடைந்த கதையை எழுதியிருந்தீர்கள். அதில் "2021-இல் தப்பான கமிஷனரைப் பிடித்தார்கள், 2023-இல் வீடு காலியானது" என்று ஒரு வரி வருகிறது. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நான் பதினைந்து வருடமாக ஒரிகனில் இருக்கிறேன். மகள் கார்வாலிஸில், ஒரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இங்கேயும் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். லாஸ் வேகஸ் கேசினோ கம்பெனியிலிருந்து ஆளைக் கூட்டி வந்தால் இப்படித்தான் ஆகும், கல்லூரி விளையாட்டிலேயே ஊறியவர் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பார் என்று. ஆனால் பிக் 12 கான்ஃபரன்ஸும் வெளியாளைத்தானே கொண்டுவந்தது? அது பிழைத்துக்கொண்டதே. அப்படியானால் ஆள் முக்கியமா, இல்லையா? ஒரு கமிஷனரைத் தேடும்போது எதைத்தான் பார்க்க வேண்டும்?

மகள் கேட்கச் சொன்ன கேள்வியும் ஒன்று உண்டு. இந்தத் தேர்வில் ஆடுகிற பிள்ளைகளை யாராவது நினைக்கிறார்களா?

அன்புடன்,
ஒரு வாசகர், ஒரிகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களை உறுத்திய வரி எனக்கும் இப்போது உறுத்துகிறது. இன்று எழுதினால் அப்படி எழுத மாட்டேன். ஒரு மனிதரின் தலையில் முழுப் பழியையும் வைத்த வரி அது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் கேள்வியே கேட்காமல் விட்டுவிட்டேன்.

இந்த விஷயம் புதிதாக இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஊரில் கமிஷனர் என்றால் போலீஸ் கமிஷனர் அல்லது மாநகராட்சிக் கமிஷனர், அதிகாரம் கையில் உள்ளவர். அமெரிக்கக் கல்லூரி கான்ஃபரன்ஸ் கமிஷனர் அப்படிப்பட்டவர் இல்லை. பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ள ஏற்படுத்திய கூட்டுதான் கான்ஃபரன்ஸ். அதன் முதலாளிகள் அந்தப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள், நம் கணக்கில் துணைவேந்தர்கள் மாதிரி. கமிஷனர் அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் நிர்வாகி. ஆட்ட அட்டவணை, நடுவர்கள், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக டிவி ஒளிபரப்பு உரிமையை விற்கும் பேச்சுவார்த்தை அவர் பொறுப்பு. ஆனால் பேசிக்கொண்டு வந்ததற்குச் சரி சொல்வதும் தள்ளிவிடுவதும் முதலாளிகள் ஓட்டு.

இப்போது பேக்-12 கதைக்கு வருகிறேன். 1915-இல் போர்ட்லண்டில் பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்று தொடங்கிய மரபு அது. ஒரிகன் ஸ்டேட் அப்போது விவசாயக் கல்லூரி, முதல் நால்வரில் ஒன்று. 2009-இல் அவர்களுக்குப் புதுக் கமிஷனர் தேவைப்பட்டது. டாம் ஹான்சன் 1983-லிருந்து அந்த நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்குப் பெண்கள் டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏவை நடத்திய லாரி ஸ்காட்டைக் கொண்டுவந்தார்கள். டிவியில் பணம் எடுத்துத் தரக்கூடிய ஆள் வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை, அதை அவர் செய்தும் காட்டினார். கொலராடோவும் யூட்டாவும் உள்ளே வந்தன. 2011-இல் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் என்ற டிவி நிறுவனங்கள் இரண்டுடனும் 12 வருட ஒப்பந்தம், ஏறக்குறைய 300 கோடி டாலர். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பலர் பின்னால் அவருடைய 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஆண்டுச் சம்பளத்தையும், சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலக வாடகையையும் குறை சொன்னார்கள். அந்தச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஓட்டுப் போட்டது யார்?

ஸ்காட் செய்த பெரிய பிழை வேறு ஒன்று என்று நினைக்கிறேன். 2012-இல் பேக்-12 நெட்வொர்க்ஸ் என்று சொந்தச் சேனல்களைத் தொடங்கினார்கள், தேசியச் சேனல் ஒன்று, வட்டாரச் சேனல்கள் ஆறு. முழு உரிமையும் கான்ஃபரன்ஸ் கையிலேயே. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிக் டென் கான்ஃபரன்ஸ் 2007-இல் தன் சேனலைத் தொடங்கியபோது ஃபாக்ஸைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. கேபிள்காரர்களிடம் மல்லுக்கு நிற்க ஒரு பெரிய கை பின்னால் இருந்தது. பேக்-12க்கு அந்தக் கை இல்லை. டைரக்ட்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் டிவி நிறுவனம் கடைசிவரை அந்தச் சேனல்களை எடுக்கவே இல்லை. மேற்குக் கரையில் எத்தனையோ வீடுகளில் தங்கள் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போனது.

பிக் டெனை அன்று நடத்தியவர் ஜிம் டெலனி. வட கரோலினாவில் கூடைப்பந்து ஆடியவர், வழக்கறிஞர், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். ஒஹையோ வேலி என்ற சின்ன கான்ஃபரன்ஸைப் பத்து வருடம் நடத்திவிட்டு 1989-இல் பிக் டெனுக்கு வந்தார். இது உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே வளர்ந்தவருக்கு உள்ளிருக்கும் மனிதர்களைத் தெரியும். சின்ன இடத்தில் தவறு செய்து பாடம் படித்துவிட்டுப் பெரிய இடத்துக்கு வருகிறார். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான்.

ஆனால் 2021-ஐப் பாருங்கள். ஸ்காட்டுக்கு அடுத்து யார் என்ற தேடலை முன்னின்று நடத்தியவர் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் மைக்கேல் ஷில். லாஸ் வேகஸ் கேசினோ நிறுவனமான எம்ஜிஎம் ரிசார்ட்ஸில் கேளிக்கை, விளையாட்டுப் பிரிவின் தலைவராக இருந்த ஜார்ஜ் கிளியாவ்காஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லூரி நாளில் அவரும் துடுப்புப் படகுப் போட்டிகளில் இறங்கியவர், ஆனால் கல்லூரி விளையாட்டு நிர்வாகத்தில் இருந்தவர் இல்லை. 2021 ஜூலை 1 அன்று பதவியேற்றார். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் அதே நாள்தான். அதே மாதம் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டுக் கிளம்புவதாக அறிவித்தன. மிஞ்சிய எட்டுப் பல்கலைக்கழகங்களும் கலங்கி நின்றன. பேக்-12 கையை நீட்டியிருந்தால் அவற்றில் சிலவாவது பற்றிக்கொண்டிருக்கும்.

ஆகஸ்ட் 24 அன்று பிக் டென், கிழக்குக் கரையின் ஏசிசி, பேக்-12 என்ற மூன்று கான்ஃபரன்ஸ்களும் கூட்டணி என்று அறிவித்தன. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது, நம்பிக்கை மட்டும்தான். இரண்டு நாள் கழித்து, இப்போதைக்கு யாரையும் புதிதாகச் சேர்க்கப் போவதில்லை என்று பேக்-12 சொன்னது. பத்து மாதத்தில், 2022 ஜூன் 30 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சியையும் யூசிஎல்ஏவையும் எடுத்துக்கொண்டது வேறு யாருமல்ல, அதே பிக் டென். கிளியாவ்காஃப் மீது எனக்குள்ள நியாயமான வருத்தம் இங்கேதான். தன் வீட்டில் இருவர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாமல் போனது. அந்த வேலையில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அதற்கு முந்தின நாள்தான் பிக் 12 தன் புதுக் கமிஷனரை அறிவித்திருந்தது. நீங்கள் சொன்ன அந்த வெளியாள், பிரெட் யோர்மார்க். ரோக் நேஷன் இசை நிறுவனத்திலிருந்து வந்தவர், அதற்கு முன் புரூக்ளினில் கூடைப்பந்து அணியும் அரங்கமும் நடத்தியவர். பேக்-12 ஒப்பந்தம் 2024-இல் முடிகிறது, பிக் 12 ஒப்பந்தம் 2025-இல். முறைப்படி பேக்-12 தான் முதலில் சந்தைக்குப் போக வேண்டும். யோர்மார்க் வரிசையில் நிற்கவில்லை. பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே, 2022 அக்டோபரில், ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டையும் கூப்பிட்டு உட்காரவைத்து 2031 வரை நீட்டிப்பு வாங்கிவிட்டார். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3 கோடியே 17 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. பேக்-12 இன்னும் நல்ல விலை வரும் என்று காத்திருந்தது. கடைசியில் கையில் நின்றது ஆப்பிள் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம், சந்தாக்காரர்கள் கூடினால் பணம் கூடும் என்ற கணக்கு. 2023 ஜூலை 27 அன்று கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. தேடலுக்குத் தலைமை தாங்கிய ஒரிகனும் அதில் ஒன்று. ஷில் அதற்கு முன்பே நார்த்வெஸ்டர்ன் தலைவராகப் போய்விட்டிருந்தார், அது பிக் டென் பல்கலைக்கழகம்.

ஆக இரண்டு பேரும் வெளியாட்கள். என் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் முதலாளிகளிடம் இருக்கிறது. பிக் 12 தலைவர்கள் 2021-இல் சாவைப் பக்கத்தில் பார்த்தவர்கள். தங்கள் உண்மையான விலை என்ன என்று தெரிந்தவர்கள், அதனால் யோர்மார்க் கொண்டுவந்ததற்குச் சட்டென்று தலையாட்டினார்கள். பேக்-12 தலைவர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டும் போன பிறகும் தாங்கள் பழைய விலைக்குப் போவோம் என்ற நினைப்பு இருந்தது. ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு கணக்கு. அப்படிப்பட்ட வீட்டுக்கு யார் நிர்வாகியாக வந்திருந்தாலும் கஷ்டம்தான். டெலனியே வந்திருந்தாலும் யூஎஸ்சியைப் பிடித்து வைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். தேர்வுக்கு உட்காரும் தலைவர்கள் வேட்பாளரைக் கேட்கும் முன்னால் தங்களுக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன்: நம்மில் யாருக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தால் போய்விடுவோம்? அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாதவர்கள் எத்தனை பெரிய ஆளைத் தேடியும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் வேட்பாளரிடம் கேட்கலாம்: உங்களை வேலைக்கு வைத்தவர்களிடம் எப்போதாவது 'முடியாது' என்று சொல்லியிருக்கிறீர்களா, அதற்கப்புறம் என்ன நடந்தது? டிவி பேரம் பேசத் தெரிந்தவர்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலாளியிடம் உண்மையான விலையைச் சொல்லும் தைரியம் கூலிக்குக் கிடைக்காது.

2024-இல் ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சி நின்றபோது நடந்த தேர்வு இதனால்தான் எனக்கு மனநிறைவைத் தந்தது. வெளியே தேடி அலையாமல், துணைக் கமிஷனராக இருந்த தெரேசா கூல்டை மார்ச் 1 முதல் அமர்த்தினார்கள். பெர்க்லி, டேவிஸ் வளாகங்களின் விளையாட்டுத் துறையில் உழைத்தவர். அன்றைய பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றுக்குக் கமிஷனரான முதல் பெண். பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கன்சாகா, டெக்சஸ் ஸ்டேட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, 2026 ஜூலையிலிருந்து ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்து) ஆடும் எட்டுப் பல்கலைக்கழகங்களாவது வேண்டும் என்ற என்சிஏஏ கணக்கையும் நிறைவுசெய்து, சிபிஎஸ் டிவியுடன் ஒப்பந்தமும் போட்டார். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்காக ஐந்து பல்கலைக்கழகங்களை மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து எடுத்தார்கள். அதன் கமிஷனர் குளோரியா நெவாரஸும் முன்பு பேக்-12 அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 2023 ஆகஸ்டில் கார்வாலிஸில் உங்கள் மகள் கண்ட மனநிலையை 2024 செப்டம்பரில், மவுன்டன் வெஸ்டில் மிஞ்சிய பல்கலைக்கழகங்கள் இருக்கும் ரீனோவிலும் அல்புகர்க்கியிலும் வேறு பிள்ளைகள் கண்டிருப்பார்கள். இதைச் சொல்லாமல் கூல்டைப் பாராட்டினால் அது அரைகுறைப் பாராட்டு.

மகளின் கேள்விக்கு வருகிறேன். நேர்மையான பதில்: போதுமான அளவு நினைக்கவில்லை. பல வருடங்களுக்கு முன்பு ஸ்டான்ஃபோர்டில், மேப்பிள்ஸ் அரங்கில், பெண்கள் வாலிபால் ஆட்டம் பார்த்தேன். முடிந்ததும் கூட்டம் கலைந்தது. முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றாமல் ஓர் ஆட்டக்காரப் பெண் சுவரோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். இன்று அந்த அணி ஏசிசியில் இருக்கிறது. பாஸ்டனுக்கும் மயாமிக்கும் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து போய் ஆடுகிறார்கள். அந்த இடத்தைப் பிடிக்க ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் ஏழு வருடங்களுக்கு டிவி பங்கில் 30 சதவீதம் மட்டும் போதும் என்று ஒத்துக்கொண்டன. ஃபுட்பாலுக்காகப் போட்ட வரைபடத்தில் வாலிபால் பெண்ணும் நீச்சல் பையனும் பறக்கிறார்கள். அந்தப் பெண்ணைப் போன்ற ஒருத்தி தேர்வுக் குழுவில் உட்கார்ந்து, "திங்கள்கிழமை காலை வகுப்புக்கு நாங்கள் எப்படித் திரும்புவோம்?" என்று வேட்பாளரைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

கான்ஃபரன்ஸ் கூட்டங்கள் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கின்றன. ஆனால் ஒரிகன் ஸ்டேட் அரசுப் பல்கலைக்கழகம். அதன் அறங்காவலர் குழு கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, அங்கே பேச நேரம் கேட்கலாம். 2025-இல் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் தனியாக ஆடியே அவர்களுடைய பேஸ்பால் அணி, கல்லூரி பேஸ்பாலின் இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹா வரை போனது. அந்தப் பையன்கள் எத்தனை நாள் வெளியூரில் இருந்தார்கள், எத்தனை வகுப்புகளை விட்டார்கள், புதுக் கான்ஃபரன்ஸில் அது குறையுமா என்று மகளை ஒரு நாள் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.