ஜென்டூவா, டெபியனா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லினக்ஸ் வகைகளில், மூலநிரலை நம் கணினியிலேயே கம்பைல் செய்து (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி) அமைக்கும் ஜென்டூவை எடுப்பதா, ஆயத்தப் பொதிகளோடு (முன்பே கம்பைல் செய்த மென்பொருள்களோடு) வரும் டெபியன், மின்ட் வகையை எடுப்பதா என்று இம்முறை பலர் கேட்டிருக்கிறார்கள்.

கொக்குவிலில் இருந்து ஒரு மாணவர்: என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய ஐ3 மடிக்கணினி. ஜென்டூ போட்டால் பறக்கும் என்கிறான் நண்பன். போடலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் சிப்புக்கென்றே கம்பைல் செய்தால் வேகம் கூடும் என்பது முழுப் பொய் அல்ல. நாள்முழுக்கப் பெரிய கணக்குகளை ஓட்டுகிறவருக்குச் சில வேளை தெரியும். பிரவுசரில் பத்து டாப் திறந்து வைத்துப் படிக்கிற உங்களுக்கு அது கண்ணில் படாது. உங்கள் கணினியை இழுத்துப் பிடிப்பது ராம் பற்றாக்குறை. பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால் அதுவும் சேர்த்து. ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்போடு டெபியனை நிறுவிப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் 2 ஜிபி ராம் இருக்கட்டும் என்பது ஜென்டூ கையேட்டின் அறிவுரை. உங்களிடம் அது இரண்டு வேலைக்குத்தான் காணும். குரோமியம் பிரவுசரை அதில் கம்பைல் செய்ய ஒரு பகலும் இரவும் போதாது. சித்திரை வெக்கையில் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். கம்பைல் முடிந்து சில நாளில் பாதுகாப்புத் திருத்தத்தோடு அடுத்த பதிப்பு வந்துவிடும், திரும்ப முதலில் இருந்து!

பருத்தித்துறையில் இருந்து: கம்பைல் ஓடும்போது கரண்ட் போனால் சிஸ்டம் பழுதாகுமா?

இதை நான் பட்டே அறிந்திருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது. அந்த நாட்களில் ஒரு முறை என் மடிக்கணினியில் ஜிசிசி என்ற கம்பைலரின் கம்பைல் நான்காவது மணிநேரத்தில் நின்றது. அறை விசிறி நின்றதும் திரையைப் பார்த்தேன், வரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பேட்டரி இருபது நிமிடம் தாங்கியது. அவ்வளவுதான்.

ஆனால் கரண்ட் வந்து திறந்தபோது சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், ஜென்டூவின் பொதி நிர்வாகியான போர்ட்டேஜ் வேலை செய்யும் முறை. மூலநிரலை ஒரு தற்காலிக அடைவில் பிரித்து, அங்கேயே கம்பைல் செய்து, அங்கேயே ஒரு ஒத்திகை நிறுவலும் செய்துவிட்டுத்தான் கோப்புகளை உண்மையான இடத்துக்கு நகர்த்துகிறது. கம்பைல் நடுவில் கரண்ட் போனால் பழைய பதிப்பு அப்படியே இருக்கும். போவது உங்கள் நேரம். விட்ட பட்டியலை ரெஸ்யூம் தெரிவு தொடரும், ஆனால் பாதியில் நின்ற பொதியை முதலில் இருந்துதான் தொடங்கும். கம்பைல் ஆன துண்டுகளைச் சேமித்து வைக்கும் சிகேஷை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால் இரண்டாம் சுற்று கெதியாக முடியும்.

ஆபத்து இருப்பது அந்தக் கடைசி நகர்த்தலில். குறிப்பாக, ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்து நிற்கும் ஜிலிப்சி நகரும்போது கரண்ட் போகக் கூடாது. ஆயத்தப் பொதிகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. டெபியனில் பாதியில் நின்றதை டிபிகேஜி என்ற பொதிக் கருவி கொண்டு பெரும்பாலும் சரிப்படுத்தலாம். மேசைக் கணினி என்றால், எந்த லினக்ஸாக இருந்தாலும், ஒரு யூபிஎஸ் வாங்குங்கள்.

ஆர்ச் லினக்ஸ் மூலநிரல் வகைதானே?

இல்லை. அதன் சொந்தப் பொதிகள் கம்பைல் செய்யப்பட்டே வருகின்றன. ஏயூஆர் என்ற, பயனர்கள் பங்களிக்கும் களஞ்சியத்தில் இருப்பவை பொதி கட்டும் குறிப்புகள். அவற்றில் பல உங்கள் கணினியில் கம்பைல் ஆவதால் அந்த எண்ணம் வருகிறது.

சாவகச்சேரியில் ரியூசன் நிலையம் நடத்தும் ஆசிரியை: ஆறு கணினிகளிலும் விண்டோஸ் 10. எதற்கு மாறுவது?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, ஆகவே மாற நினைப்பது சரி. லினக்ஸ் மின்ட் போடுங்கள் ரீச்சர். ஆறிலும் ஒரே பதிப்பு, ஒரே அமைப்பு. ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவினால் ஒரு தரம் இறக்கிய பொதி ஆறுக்கும் பயன்படும், டேட்டா மிச்சம்.

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவிகள் போதும்; தமிழ்99, ரெங்கநாதன் விசைப்பலகைகள் இரண்டும் உண்டு. உங்களிடம் பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். பாமினி யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். மாறும் முன் அந்த எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வைத்து மின்டிலும் நிறுவுங்கள். புதிய வினாத்தாள்களை யூனிகோடில் தொடங்குங்கள்.

நாமே கம்பைல் செய்தால் பாதுகாப்பு அதிகம் இல்லையா?

நிரலை நீங்கள் வாசித்தால்தான். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் கள்ளவழி ஒன்றை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தை விட அரைச் செக்கன் தாமதித்ததே அவருக்குச் சந்தேகத்தைத் தந்தது. அந்த நச்சு, வெளியிடப்பட்ட மூலநிரல் தொகுப்புக்குள்ளேயே இருந்தது. டெபியன் பொதியாகவோ, ரெட் ஹாட் வகை லினக்ஸின் ஆர்பிஎம் பொதியாகவோ கட்டும்போது மட்டும் விழிக்கும்படி எழுதப்பட்டதால் ஜென்டூக்காரர்கள் தப்பினார்கள். தாங்களே கம்பைல் செய்ததால் அல்ல. திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதுதான் உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு. அது ஆயத்தப் பொதிகளில் சில நிமிட வேலை.

யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் இருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: லினக்ஸை உள்ளே போய்ப் படிக்க வேண்டும்.

அப்படியென்றால் ஜென்டூவைத் தாராளமாக எடுங்கள், ஆனால் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியில்). படிப்பு வேலை டெபியனிலேயே இருக்கட்டும். 2023 டிசம்பர் முதல் ஜென்டூவும் 64-பிட் கணினிகளுக்கு ஏராளமான ஆயத்தப் பொதிகளைத் தருகிறது. பெரியவற்றை அங்கே எடுத்து, விரும்பியதை மட்டும் நீங்கள் கம்பைல் செய்யலாம். யூஸ் தெரிவுகளோடு (எந்த வசதியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சொல்பவை) மினக்கெடுங்கள்: புளூடூத்தை எடுத்துவிட்டால் எந்தப் பொதிகள் திரும்பக் கட்டப்படுகின்றன, ஏன் என்று பாருங்கள். எது எதைச் சார்ந்து நிற்கிறது என்பது அங்கேதான் வடிவாக விளங்கும். முதல் நாளே டெஸ்க்டாப் வரை போக அவசரப்பட வேண்டாம். நீங்கள் கட்டிய கேர்னல் (லினக்ஸின் கரு) எழுந்து கடவுச்சொல் கேட்டால் அன்றைக்கு அது போதும்.