தோற்றால் கோச்சைத் தூக்கிவிடலாமா?

கேள்வி: நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு நான் பரம ரசிகன். 1984 ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் அன்றைய கோச் டாம் ஆஸ்போர்ன் டிரா வேண்டாம் என்று வெற்றிக்கு ஆடித் தோற்றதை வீரம் என்கிறார்கள். 2022-ல் டப்ளினில் கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் ஆன்சைடு கிக் (பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்கக் குட்டையாக உதைப்பது) அடிக்கச் சொல்லித் தோற்றதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். இரண்டும் தோல்விதானே? ஐ.டி. கம்பெனியில் டார்கெட்டை எட்டாத மேனேஜரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கோச்சுக்கு மட்டும் என்ன சலுகை? தோற்றால் தூக்கு என்கிறேன். தப்பா?

– ஒரு வாசகர், ஒமாஹா, அமெரிக்கா

பதில்: தப்புதான். இரண்டும் தோல்வி என்பது வரை உங்களோடு உடன்படுகிறேன். அதற்கு மேல் ஒரு அடிகூட வர மாட்டேன்.

முதலில் ஆஸ்போர்னை எடுத்துக்கொள்வோம். அந்த சீசனில் நெப்ராஸ்கா 12 ஆட்டங்களையும் ஜெயித்து, நாட்டின் முதலிடத்தோடு மயாமிக்கு வந்தது. ஆட்டத்துக்குச் சராசரி 52 புள்ளி குவித்த அணி. எதிரே மயாமி பல்கலைக்கழகம், அதுவும் அவர்கள் சொந்த மைதானத்தில். கடைசி கால்பகுதியில் 31-17 என்று பின்தங்கியிருந்த நெப்ராஸ்கா விரட்டி வந்து, 48 வினாடி மிச்சமிருக்கும்போது 31-30 ஆக்கியது. டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) அடித்த அணி, அடுத்து ஒரு புள்ளிக்கு உதைக்கலாம், அல்லது இரண்டு புள்ளிக்கு மறுபடி பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகப் பார்க்கலாம். ஒரு புள்ளிக்கான உதை, கிட்டத்தட்ட கையில் இருப்பது. அடித்தால் டிரா. அன்று கல்லூரி ஆட்டத்தில் கூடுதல் நேரம் கிடையாது. இரண்டாம் இடத்தில் இருந்த டெக்சஸ் அன்று பகலிலேயே ஜார்ஜியாவிடம் தோற்றிருந்தது. ஆக, டிரா செய்திருந்தாலே தேசியப் பட்டம் ஏறக்குறைய உறுதி. ஆஸ்போர்ன் உதைக்கச் சொல்லவில்லை. மூன்று கெஜ தூரத்திலிருந்து இரண்டு புள்ளிக்குப் போனார். பந்து விரல்நுனியில் பட்டுத் திசைமாறி விழுந்தது. பட்டம் மயாமிக்குப் போனது.

அவர் கணக்குப் போடாமல் ஆடவில்லை. அந்த அணிக்கு மூன்று கெஜம் என்பது பெரிய தூரமே இல்லை. கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய மைக் ரோசியர் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தார், அது ஒரு குறை. ஆனாலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று முழுக்கத் தெரிந்துதான் அந்த முடிவை எடுத்தார்.

இப்போது டப்ளினுக்கு வாருங்கள். 2022 ஆகஸ்ட் 27, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மூன்றாம் கால்பகுதி. நெப்ராஸ்கா 28-17 என்று முன்னிலை. அணி இரண்டு டச்டவுன் அடித்துக் கை ஓங்கியிருக்கிறது. வழக்கம்போல் நீளமாக உதைத்திருந்தால், நார்த்வெஸ்டர்ன் தன் கோட்டின் பக்கத்திலிருந்து நெடுந்தூரம் ஊர்ந்து வர வேண்டியிருந்திருக்கும். ஃப்ராஸ்ட் ஆன்சைடு கிக் அடிக்கச் சொன்னார். பந்து எதிரணியிடம் கிட்டத்தட்ட மைதானத்தின் நடுவிலேயே சிக்கியது. அவர்கள் அங்கிருந்தே போய் டச்டவுன் அடித்தார்கள். அதன்பின் நெப்ராஸ்கா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 31-28 என்று தோல்வி.

வித்தியாசம் தெரிகிறதா? ஆஸ்போர்ன் பின்தங்கியிருந்தார், ஒரே ஒரு ஆட்டச் செயலில் எல்லாம் தீரும் கட்டம் அது. ஃப்ராஸ்ட் முன்னே இருந்தார், பொறுமையாக நின்றாலே போதும் என்ற கட்டம். பந்து கையில் விழுந்திருந்தால் நானும் நீங்களும் அவரைத் துணிச்சல்காரர் என்று கொண்டாடியிருப்போம். அப்போதும் அது கூடாத முடிவாகத்தான் இருந்திருக்கும். முடிவை எடுக்கும் நொடியில் கையில் இருந்ததை வைத்துத்தான் கோச்சை எடைபோட வேண்டும். ஃப்ராஸ்ட்டே ஆட்டம் முடிந்தபின், மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் அப்படிச் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

இனி உங்கள் 'தோற்றால் தூக்கு'. இதே சட்டம் 1970-களில் இருந்திருந்தால் ஆஸ்போர்ன் என்ற பெயரே உங்களுக்குத் தெரிந்திருக்காது. 1973-ல் பொறுப்பேற்றவர் பரம எதிரியான ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திடம் முதல் ஐந்து வருடமும் வரிசையாகத் தோற்றார். நெப்ராஸ்கா ரசிகனுக்கு ஓக்லஹோமாவிடம் தோற்பதைவிடப் பெரிய அவமானம் அன்று இல்லை. ஊரே கரித்துக் கொட்டியது. 1978 முடிவில் கொலராடோ பல்கலைக்கழகம் கோச்சாக அழைத்தபோது அவர் போய்விடுவார் போலவே இருந்தது, பிறகு மனம் மாறி இங்கேயே தங்கினார். முதல் தேசியப் பட்டம் 1994 சீசனில்தான் வந்தது, அது அவருக்கு 22-வது சீசன். அடுத்து 1995, 1997. கடைசி ஐந்து சீசன்களில் 60 வெற்றி, 3 தோல்வி. 1997 அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்துகிற வீரர், யார்? நீங்கள் திட்டுகிற அதே ஸ்காட் ஃப்ராஸ்ட்.

உங்கள் சட்டத்தை நெப்ராஸ்கா ஒருமுறை அமல்படுத்தியும் பார்த்துவிட்டது. ஆஸ்போர்னுக்குப் பின் வந்த ஃப்ராங்க் சோலிச் ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி. 2001 சீசனில் தேசியப் பட்ட ஆட்டம் வரை அணியைக் கொண்டுபோனார். 2002-ல் 7 வெற்றி, 7 தோல்வி என்று சரிந்ததும் உதவிப் பயிற்சியாளர்கள் பலரை மாற்றினார், மறுவருடம் 9-3 என்று நிமிர்த்தினார். குறையைக் கேட்டுத் திருத்திக்கொண்ட மனிதரை 2003 நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். காலியான நாற்காலிக்கு ஆள் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்த பில் கலஹான், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே சேர்க்கப்பட்ட பையன்களைத் திடீரென்று பந்தை எறிந்து ஆடும் பாஸ் ஆட்டம் ஆடச் சொன்னார். 2004-ல் டெக்சஸ் டெக்கிடம் 70-10 என்று தோல்வி. அந்த சீசன் 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு முதன்முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம்.

பிறகு போ பெலினி. ஏழு சீசனிலும் ஒன்பதுக்குக் குறையாமல் ஜெயித்தார், அவரையும் 2014-ல் அனுப்பினார்கள். அவருக்கு அடுத்து வந்த மைக் ரைலி மூன்று சீசனில் 19-19. பிறகு ஃப்ராஸ்ட், 16-31.

சரிவுக்குக் கோச் மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சுமார் 20 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் திறமையான பள்ளி வீரர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? 2011-ல் பிக் டென் என்ற கல்லூரி லீக்குக்கு மாறியபோது, டெக்சஸ் பக்கம் வீரர்களைப் பிடிக்கும் தொடர்பும் தேய்ந்தது. எடைப்பயிற்சியில் மற்ற கல்லூரிகளும் எட்டிப் பிடித்துவிட்டன. ஆனால் இத்தனை சிரமம் இருக்கும் இடத்தில்தான் ஒரே கையில் நீண்டகாலம் அணி இருக்க வேண்டும். உள்ளூர்ப் பண்ணை வீட்டுப் பையன்கள் சொந்தக் காசில் படித்துக்கொண்டு, உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து, மூன்று நான்கு வருடம் உடம்பை வளர்த்து, கடைசி வருடம் முதல் அணிக்கு வந்தார்கள். ஆஸ்போர்னின் பலம் அதுதான். மூன்று வருடத்துக்கு ஒரு கோச் என்றால் அந்தப் பையன் யாரை நம்பிக் காத்திருப்பான்?

உங்கள் ஐ.டி. மேனேஜர் உதாரணம் இங்கேதான் உடைகிறது. கல்லூரிக் கோச் 17 வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவிடம் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி அழைத்து வருகிறவர். அவரைத் தூக்கினால் அந்த வாக்கும் போகிறது. இப்போது வீரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு திறந்திருப்பதால் பையன்களும் கிளம்பிவிடுகிறார்கள்.

யாரையுமே அனுப்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2021-ல் ஒன்பது தோல்வி, ஒன்பதும் பத்துப் புள்ளிக்குள். நெருக்கமான ஆட்டங்களைத் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்ட ஃப்ராஸ்ட் போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் எப்படி அனுப்பினார்கள் தெரியுமா? 2022 செப்டம்பர் 11-ல் நீக்கி, சுமார் 1.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அதில் பாதிதான். கேட்டது ரசிகர் கோபம், கொடுத்தது பல்கலைக்கழகம்.

மெமோரியல் ஸ்டேடியம் 1962 நவம்பரிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் நிரம்புகிறது என்று நீங்கள் பெருமைப்படுவீர்கள், நியாயமான பெருமை. 5-6 சீசனிலும் வந்த கூட்டம் அது. அவ்வளவு பொறுமை காட்டத் தெரிந்த நீங்கள், இப்போதைய கோச் மேட் ரூல் ஃபோர்த் டவுனில் (பந்தை முன்னே நகர்த்தக் கிடைக்கும் நான்காவது, கடைசி முயற்சியில்) தவறாக ஆடச் சொன்னால் தாராளமாகத் திட்டுங்கள். அப்போது என்ன ஸ்கோர், எத்தனை கெஜம், எத்தனை நிமிடம் மிச்சம், யார் காயம் என்று சொல்லித் திட்டுங்கள். அவரை நீக்கச் சொல்வதானால், அடுத்து யார், அவர் ஆட்டமுறைக்கு இப்போது இருக்கும் பையன்கள் பொருந்துவார்களா என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.